7.5 எச்.பி. மோட்டாரும் 300 எம்பி நெட்டும்



சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வந்துடறேன். வீட்டுக்கு ஃபைபர் நெட் வேணுமா? கண்டிப்பா வேணும். பட்டணத்தை விட எங்க பக்கம் இன்னும் அதிகமா வேணும். அந்த ஃபைபர்ல 300 எம்பி, 500 எம்பி, 1000 எம்பின்னு வேகம் வேணுமா? பெரும்பாலான வீட்டுக்குத் தேவையே இல்லை. இந்த ரெண்டு கேள்வியையும் ஒண்ணாக் குழைச்சுத்தான் நம்மகிட்ட விக்கிறாங்க. "ஃபைபர்னாலே வேகம், வேகம்னாலே ஃபைபர்"னு விளம்பரம் பாத்துப் பாத்து நம்மளும் அப்படியே பேசப் பழகிட்டோம்.

மொதல்ல ஒரு கணக்கைச் சொல்லிடறேன், அப்பத்தான் மத்தது புரியும். நெட் பிளான்ல சொல்ற 'எம்பி' விநாடிக்கு இத்தனை மெகாபிட்ங்கற கணக்கு. சினிமா 4 ஜிபி, போட்டோ 3 எம்பின்னு நாம சொல்றது பைட் கணக்கு. எட்டு பிட் சேந்தாத்தான் ஒரு பைட். 40 எம்பி லைன்ல விநாடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும். படியையும் லிட்டரையும் ஒண்ணாப் போட்டு அளக்கற மாதிரிதான் பல பேர் இதைப் பேசறாங்க. இந்தப் பதிவுல எம்பின்னு நான் வேகத்தைச் சொன்னா, அது மெகாபிட்னே எடுத்துக்குங்க.

இப்ப கெணத்துப் பக்கம் வாங்க. நாங்க இருக்கறது தாராபுரத்துக்கும் உடுமலைக்கும் நடுவுல. எங்க அப்பா காலத்துல கெணத்துல 3 எச்.பி. மோட்டார். அப்பறம் 5. பக்கத்துத் தோட்டத்துல 7.5 போட்டாங்கன்னு எங்க பக்கமும் 7.5 ஆச்சு. இப்ப 10 எச்.பி. போட்டவங்களும் இருக்காங்க. டீக்கடையில உக்காந்தா யாரு மோட்டார் எத்தனை எச்.பி.ங்கறதே ஒரு பெருமைப் பேச்சு. ஆனா கெணத்துல ஊத்து என்னவோ அதேதான். 7.5-ஐ ஓட்டினா முக்கால் மணி நேரத்துல தண்ணி அடிக்குப் போயி மோட்டார் காத்தை இழுக்க ஆரம்பிச்சுடும். மறுபடி ஊறி வர்றதுக்கு நாலு மணி நேரம் காத்துக் கெடக்கணும்.

சரி, தென்னைக்கு எவ்வளவு வேணும்? ஒரு டிரிப்பர்ல மணிக்கு 8 லிட்டர் சொட்டும். மரத்துக்கு நாலு டிரிப்பர் வெச்சிருக்கேன். ஆக மணிக்கு 32 லிட்டர். ரெண்டரை மணி நேரம் சொட்டினா கோடையிலயும் மரம் தெம்பா நிக்கும். தெனமும் சொட்டணும், அவ்வளவுதான். மூணு நாள் விட்டுப் போச்சுன்னா நாலாவது நாள் ஆயிரம் லிட்டர் ஊத்தினாலும் கொட்டின குரும்பை மரத்துல போய் ஒட்டாது.

வீட்டு நெட்டும் இதே கதைதான். எங்க வீட்ல ராத்திரி எட்டு மணிக்குத்தான் உச்சகட்டம். அம்மா டிவியில சீரியல் பாப்பாங்க, நெட் வழியாத்தான். மகளுக்கு ஆன்லைன் டியூஷன். வீட்டுக்காரம்மா சிங்கப்பூர்ல இருக்கற அவங்க தங்கச்சியோட வாட்ஸ்அப்ல வீடியோ கால். நான் போன்ல யூடியூப். டிவிக்கு நல்ல எச்.டி. படத்துக்கு 5 எம்பி, வீடியோ வகுப்புக்கு 3, 4 எம்பி, வாட்ஸ்அப் காலுக்கு 1, என் யூடியூபுக்கு 3. எல்லாம் கூட்டினா 13. போன்கள்ல தானா ஓடற அப்டேட்டுக்கு இன்னொரு 5 சேத்துக்குங்க. 20 கூட வரலை. 4கே டிவி வாங்கினாலும் நெட்ஃபிளிக்ஸ் கேக்கறதே 15 எம்பிதான். அந்த மாதிரி டிவி ரெண்டு ரூம்ல ரெண்டு ஓடினாலும் 50 எம்பி லைனுக்குள்ள அடங்கிடும்.

"அண்ணே, டவுன்லோடு பண்ணும்போது தெரியும்ல?" தெரியும்தான். 4 ஜிபி சினிமாவை 50 எம்பி லைன்ல இறக்க 11 நிமிஷம் ஆகும், 300 எம்பில 2 நிமிஷம் கூட ஆகாது. மிச்சம் ஒன்பது நிமிஷம். அந்த நேரத்துல ஒரு மாட்டைக் கறந்துடலாம், ஒத்துக்கறேன். ஆனா இப்ப யாருங்க சினிமாவை இறக்கி வெச்சுப் பாக்கறாங்க? எல்லாம் பாக்கப் பாக்க இறங்கறதுதான். டேங்குல ஏத்தாம குழாய்லயே குடிக்கற மாதிரி. ஒரு வாய்க்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் உள்ள போகும்.

இதை விடச் சுவாரசியமான கணக்கு ஒண்ணு இருக்கு. 'அன்லிமிடெட்'னு பெரிய எழுத்துல போட்டிருக்கற பல பிளான்ல, சின்ன எழுத்துல மாசத்துக்கு 3300 ஜிபின்னு ஒரு வரம்பு இருக்கும். அதைத் தாண்டினா வேகம் படுத்துடும். அந்த 3300 ஜிபியை, 300 எம்பி லைன்ல முழு வேகத்துல இழுத்தா எத்தனை நாள் வரும்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு நாள்! சரியாச் சொன்னா இருபத்தி நாலரை மணி நேரம். அதே வரம்புக்கு 1000 எம்பி லைனா இருந்தா ஏழரை மணி நேரம் கூடத் தாங்காது. மாசத்துல மிச்ச நாளெல்லாம் ஆமை வேகம்தான். அப்ப அந்த வேகத்தை நாம முழுசா எடுக்க மாட்டோம்னு விக்கிறவங்களுக்கே தெரிஞ்சுதான் இருக்கு.

இதுல பித்தலாட்டம்னு சொல்ல ஒண்ணும் இல்லீங்க. வீடுகளுக்கு வர்ற ஃபைபர் பெரும்பாலும் ஜிபான்ங்கற முறையில வருது. ஆபீஸ்ல இருந்து ஒரு கண்ணாடி இழை கிளம்பும், வழியில ஸ்ப்ளிட்டர்னு ஒரு சின்னப் பெட்டியில அது 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரியும். அத்தனை வீட்டுக்கும் சேத்து இறங்கற வேகம் 2488 எம்பி. 32 வீடும் ஒரே நேரத்துல 300 வேணும்னு திறந்தா 9600 வேணும். எங்கிருந்து வரும்? ஒரே நேரத்துல யாரும் திறக்கறதில்லைங்கறதுதான் இந்த ஏற்பாட்டோட அஸ்திவாரம். அமராவதி வாய்க்கால்ல முறைத்தண்ணி விடற மாதிரி. முறை வெச்சா எல்லா வயலும் நனையும். ஆனா ஒவ்வொருத்தர்கிட்டயும் "வாய்க்கால் முழுசும் உங்களுக்குத்தான்"னு சொல்லிக் காசு வாங்கினா எங்க ஊர்ல அடிதடி ஆயிடும்.

வைஃபை சமாச்சாரம் தனி. எங்க சாளை தாத்தா கட்டினது, ஒண்ணரை அடி மண் சுவர். ஆசாரத்துல பெட்டி இருக்கு, கட்டுத்தரைக்குப் போனா சிக்னலே இல்லை. அங்க 1000 எம்பி பிளான் போட்டாலும் எருமைக்குக் கூடக் கெடைக்காது. பட்டணத்துல உங்களுக்கும் பெட்ரூம்ல நெட் மெதுவா இருந்தா, பிளானை மாத்தறதுக்கு மொதல்ல பெட்டியை எடுத்து வீட்டு நடுவுல வெச்சுப் பாருங்க. செலவு ரெண்டு மீட்டர் ஒயர்தான்.

இவ்வளவு சொல்லிட்டு ஃபைபர் வேணும்னு ஏன் சொல்றேன்? டவர் நெட்டு போதாதாங்கறீங்களா? பகல்ல போதும். 5ஜி எங்க பக்கமும் வந்திருக்கு. ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே போனை எடுக்கும்போது டவர் திணறும். ரீசார்ஜ்ல ஒரு நாளைக்கு ஒண்ணரை ஜிபி, ரெண்டு ஜிபின்னு அளந்து ஊத்தறாங்க. ஒரு பொண்ணு ரெண்டு மணி நேரம் வீடியோ வகுப்புல உக்காந்தா அன்னைக்கு வீட்டுப்பாடம் தேட மிச்சம் இருக்காது. அனுப்பற பக்கம் இன்னும் மோசம். மாட்டுக்கு மடிநோய் வந்தா வீடியோ எடுத்து டாக்டருக்கு அனுப்பறோம், அது ஏறாம சுத்திக்கிட்டே நிக்கும். அரசாங்கங்கள் கூட இதைக் கவனிக்குது. அமெரிக்காவுல 2024-ல பிராட்பேண்டுங்கற பேருக்கே இறங்க 100, ஏற 20 எம்பி இருக்கணும்னு மாத்தினாங்க. இங்க 2013-ல இருந்து 512 கேபி இருந்தாலே பிராட்பேண்டு, 2023-ல அதை 2 எம்பி ஆக்கினாங்க. அவங்க 100 எங்க வீட்டுக்கு அதிகம், நம்ம 2 ரொம்பக் குறைவு. ஆனா ஏர்ற வேகத்தைத் தனியா எழுதி வெச்சாங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு.

இப்ப இந்தப் பதிவை எழுத வெச்ச விஷயத்துக்கு வர்றேன்.

எங்களுக்கு அடுத்த சாளையில ஒரு அக்கா இருக்காங்க. வீட்டுக்காரர் இல்லை. ஒரே பையன், பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. 2020-ல ஊரடங்குல வந்தவன், கம்பெனி சம்மதத்தோட இங்கயே தங்கிட்டான். காலையில தண்ணி கட்டுவான், பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறப்பான். ரெண்டு மாடு நாலாச்சு. பாழாக் கெடந்த ரெண்டு ஏக்கர்ல மக்காச்சோளம் போட்டான். அவனுக்கு 200 எம்பி பிளான், மாசம் ஆயிரம் ரூவாய்க்கு மேல, வரி வேற. அதுல ஒரு குறையும் இல்லை, ஓடற வரைக்கும்.

எங்க பக்கம் லைன் எல்லாம் ஈபி கம்பத்துலயும் தென்னை மரத்துலயும் கட்டித்தான் வருது. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து என்ன அடி அடிக்கும்னு உடுமலை பக்கம் காத்தாடிகளைப் பாத்தவங்களுக்குத் தெரியும். மட்டை விழும். அணில் கடிக்கும். சோளத்தட்டு ஏத்தின லாரி ஆள் உசரத்துக்கு மேல ஏத்திக்கிட்டு வந்து, குறுக்க தொங்கற ஒயரை இழுத்துக்கிட்டே போயிடும். போன வருஷம் ஒரே மாசத்துல மூணு தடவை அறுந்துச்சு.

அறுந்தா என்ன ஆகும்னு பட்டணத்துல இருக்கறவங்களுக்குச் சொல்லணும். செம்புக் கம்பின்னா முறுக்கி டேப் சுத்திடலாம். இது கண்ணாடி. உள்ள வெளிச்சம் போற பாதை 9 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சு அதுல ஒன்பது பங்கு. ரெண்டு முனையையும் நேரா வெட்டி, ஒரு மெஷின்ல எதிரெதிரா வெச்சு, மின்பொறியில உருக்கி ஒட்டணும். ஒட்டறது சில நிமிஷ வேலை. ஆனா அந்த மெஷின் இருக்கறது தாராபுரத்துல, ஏழெட்டு ஊருக்கு ஒரே ஆள். அவரும் ஒண்டியா என்ன பண்ணுவாரு, எங்க ஊருக்கு அவர் வண்டி வர நாலு நாள் ஆச்சு ஒரு தடவை.

அந்த நாலு நாளும் பையன் கரட்டு மேல வேப்பமரத்தடியில ரெண்டு கோடு சிக்னல்ல லேப்டாப்பை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். மீட்டிங்ல குரல் அறுந்து அறுந்து போகுது. மூணாவது தடவை அறுந்தப்ப கம்பெனியில இருந்து தன்மையாத்தான் சொன்னாங்களாம், ஆபீசுக்கு வந்துடுங்கன்னு. கிளம்பறதுக்கு முந்தின நாள் எங்க வீட்டுக்கு வந்தான். "மாமா, எனக்கு 20 எம்பி போதும். ஆனா மாசம் முப்பது நாளும் வேணும். அப்படி ஒரு பிளான் யாருமே விக்கிறதில்லை மாமா"ன்னான். அக்கா மூணு மாட்டை வித்துட்டாங்க. மக்காச்சோளக் காட்டுல இப்ப சீமைக்கருவேலம் தலை காட்டுது.

அவன் கேட்டதுதான் எனக்கும் கேள்வி. எந்த விளம்பரத்துலயாவது "அறுந்தா ஆறு மணி நேரத்துல ஒட்டித் தருவோம், இல்லைன்னா அந்த நாள் காசு வேண்டாம்"னு பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்லை. எச்.பி. பேச்சுத்தான் எங்கயும்.

கரண்டு இன்னொரு தலைவலி. பழைய லேண்ட்லைன் போன் ஞாபகம் இருக்கா? ஊரே இருட்டாக் கெடந்தாலும் அது மணி அடிக்கும். எக்ஸ்சேஞ்சுல பேட்டரி இருந்துச்சு, அங்கிருந்து 48 வோல்ட் அந்தச் செம்புக் கம்பியிலயே வந்துச்சு. கண்ணாடியில கரண்டு வராது. வழியில இருக்கற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம், அது நல்ல விஷயம். ஆனா நம்ம வீட்டுப் பெட்டிக்கும் கேபிள்காரர் ரூம்ல இருக்கற மெஷினுக்கும் வேணும். நான் ரவுட்டருக்குன்னே விக்கிற சின்ன யூபிஎஸ் ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கேன், ரெண்டு மூணு மணி நேரம் தாங்குது. எங்க கேபிள்காரத் தம்பிகிட்ட, "உன் ரூம் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் தம்பி?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே, "அண்ணா, இத்தனை வருஷத்துல எல்லாரும் ஸ்பீடு எவ்வளவுன்னுதான் கேட்டிருக்காங்க, பேட்டரியைக் கேட்ட மொத ஆள் நீங்கதான்"ன்னான். புது பேட்டரிக்கு அவன்கிட்டக் காசு இல்லை. நாங்க யாரும் கேக்கலைன்னா அவன் எதுக்குப் போடப் போறான்?

பட்டணத்து நண்பர்கள்கிட்ட ஒரு மனத்தாங்கல் உண்டு எனக்கு. உங்க தெருவுல நாலு கம்பெனி ஒயர் போகுது. நாலு பேரும் ஒரே வீட்டைப் பிடிக்கத்தான் 500, 1000னு ஏலம் விடறாங்க. எங்க சாளைக்கு ஒரு ஒயர் இழுக்க, மெயின் ரோட்டுல இருந்து 700 மீட்டர். "ஒத்தை வீட்டுக்கு அவ்வளவு தூரம் கட்டுபடி ஆகாதுங்க"ன்னு ஒரு தனியார் கம்பெனி ஆள் வண்டியை விட்டு இறங்காமலே சொல்லிட்டுப் போனார். அவர் கணக்கு அவருக்குச் சரிதான். கொங்கு நாட்டுல வீடெல்லாம் ஊருக்குள்ள இல்லை, அவங்கவங்க தோட்டத்துல தள்ளித் தள்ளி இருக்கு. இதுக்குத்தான் அரசாங்கம் வேணும். கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஃபைபர் போடற திட்டத்துக்கு மத்திய அரசு 2011-லயே ஒப்புதல் குடுத்துச்சு, இப்ப அதுக்குப் பாரத்நெட்னு பேரு. மொத்தம் ரெண்டரை லட்சம் பஞ்சாயத்துன்னு இலக்கு. தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் கொண்டு போற வேலையைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷன் பாக்குது. நல்ல திட்டம், நான் குறை சொல்ல வரலை. ஆனா அது ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் போடற மெயின் வாய்க்கால். அங்கிருந்து வயலுக்குக் கிளை வாய்க்கால் யாராவது வெட்டணும்ல? பட்டா பாக்கறது, உழவன் செயலியில மானியத்துக்குப் பதியறது, ரேஷன் கடையில கைரேகை வெக்கறதுன்னு எல்லாத்தையும் நெட்டுக்கு மாத்தியாச்சு. இதுல ஒண்ணுக்கும் 10 எம்பி கூட வேண்டாம். ஆனா ரேகை வெக்கற நேரத்துல லைன் இருக்கணும். இல்லைன்னா ஒரு ஆயா அரிசிக்காக மறுநாளும் நடக்கணும்.

"அந்தக் காலத்துல குடிசைக்கு ஒரு பல்பு போதும்னு சொன்னாங்க, நீங்களும் அதையே சொல்றீங்களே"ன்னு யாராவது கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஒரு விளக்குத் திட்டத்துல கரண்டு வந்த வீடுகள்ல இப்ப மிக்சி, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடுது. நாளைக்கு என்ன வரும்னு யாருக்குத் தெரியும்? அதனாலதான் ஒயர் ஃபைபராவே இருக்கட்டுங்கறேன். அந்தக் கண்ணாடி இழையோட அழகே இதுதான், இன்னைக்கு 50 எம்பி போற அதே இழையில, ரெண்டு முனையிலயும் பெட்டியை மட்டும் மாத்தினா 10,000 எம்பி வரைக்கும் போற முறை இப்பவே வந்தாச்சு. மண்ணுக்குள்ள போட்ட இழை பல வருஷம் கெடக்கும். பெட்டியை வேண்டும்போது மாத்திக்கலாம். நாளைக்கு வரப்போறதுக்கு இன்னைக்கே மாசா மாசம் காசு கட்ட வேண்டியதில்லை.

நெசமாவே வேகம் வேணுங்கறவங்க உண்டு. கல்யாண வீடியோ எடிட் பண்ணி ஒரு நாளைக்கு 100 ஜிபி அனுப்பறவருக்கு வேணும். 50 எம்பியில அது நாலரை மணி நேரம், 1000 எம்பியில கால் மணி நேரம். அவர் தாராளமா வாங்கட்டும், அது அவர் தொழில் கருவி. அவரும் அனுப்பற வேகம் எவ்வளவுன்னு கேட்டுட்டு வாங்கணும். மத்தவங்க மாசக் கடைசியில ஆப்பைத் திறந்து எத்தனை ஜிபி ஓடியிருக்குன்னு பாருங்க. 300 ஜிபி ஓட்டிட்டு 300 எம்பி பிளானுக்கு 1500 ரூவா கட்டறீங்கன்னா, கீழ இறங்கிப் பாருங்க, ஒரு வித்தியாசமும் தெரியாது. மிச்சக் காசுல யூபிஎஸ் வாங்கலாம். இல்லைன்னா ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்கு ஒரு லைன் போட்டுக் குடுக்கலாம். 400, 500 ரூவா பிளானே அவங்களுக்கு ஏராளம்.

எங்க பக்கம் ஒரு வேலை ஆரம்பிச்சிருக்கோம். தை முடிஞ்சு சொட்டுநீருக்கு மெயின் பைப் புதுசாப் பதிக்கறேன், ஜேசிபி வெச்சு ரெண்டடி ஆழத்துக்குக் குழி. எப்படியும் குழி தோண்டறோமேன்னு அதே குழியில ஒரு அங்குல ஓஸ் ஒண்ணையும் காலியாப் போட்டு மூடறேன், நாளைக்கு ஃபைபர் ஒயரை அதுக்குள்ள விட்டு இழுத்துக்கலாம். வரிசையா இருக்கற ஆறு சாளைக்காரங்களும் அவங்கவங்க எல்லை வரைக்கும் இதே மாதிரி போடறதாப் பேச்சு. கேபிள்காரத் தம்பி ஒயருக்கும் ஒட்டுக்கும் மட்டும் காசு வாங்கிக்கறேன்னுட்டான். நாலு பேர் குழி தோண்டியாச்சு. அஞ்சாவது அக்காவோட தோட்டம். பையன் இல்லாம எதுக்குங்க அந்தச் செலவுன்னாங்க. ஓஸ் காசு எங்களோடது, நீங்க குழிக்கு மட்டும் எடம் விடுங்கக்கான்னு சொல்லியிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்னாங்க. ஆடி பொறக்க இன்னும் நாள் இருக்கு.